புதன்கிழமை ஆள்

"ஊதுங்க" என்றாள் அமுதம்.

பூமிநாதன் இன்னும் சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை.

"என்னத்த ஊதறது?"

"என் மூஞ்சிக்கு நேரா ஊதுங்க."

ஊதினான். அமுதம் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். ரசம் கொதித்துவிட்டதா என்று பார்ப்பவளைப் போல இன்னொரு தரமும் முகர்ந்தாள்.

"வெத்தலைதான் மணக்குது."

"வெத்தலைதான் போட்டேன்."

"பொறந்ததுலேருந்து போடாத ஆளு இன்னிக்கு எதுக்குப் போட்டீங்க?"

இதற்குப் பதில் இருந்தது. நாக்கு வறண்டுபோகிறது என்று டாக்டரிடம் சொன்னான். எதையாவது மெல்லுங்கள் என்றார். ஆனால் அந்த டாக்டரைப் பற்றித்தான் வீட்டில் பேச முடியாது.

"எதுத்த வீட்டு லோகாம்பா அக்கா பாத்திருக்காங்க. முத்தையன் பிராந்திக் கடையிலேருந்து வெளியில வந்தீங்களாம். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாத்துட்டு வந்தீங்களாம்."

அது உண்மை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். எதிரே வளையல் கடையில் லோகாம்பாள் நின்றதை மட்டும் பார்க்கவில்லை.

பூமிநாதன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் ஆபரேட்டர். பம்பாய்க்குக் கப்பலேறப் போனவன் ஏமாந்து நிற்கிறான், திருச்சி ஆஸ்பத்திரியில் யாரோ கண்ணை மூடிவிட்டார், நிச்சயம் செய்த இடத்தில் பெண் வேண்டாம் என்கிறார்கள். எல்லாம் அவன் காது வழியாகத்தான் ஊருக்குள் வந்தது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது வேலையின் விதி. அவன் சொல்லவில்லை. உள்ளேயே போட்டு வைத்தான். இடம் நிறைந்துவிட்டது போலிருக்கிறது. படுத்தால் காதுக்குள் மணி அடித்தது. திடுக்கிட்டு எழுந்து, "ஹலோ, காரைக்கால்" என்றான். ஒரு தடவை அமுதத்தின் தோளைத் தொட்டு, "பார்ட்டி பேசுறாங்க, லைன்ல இருங்க" என்றான்.

அவள் உடம்புச் சூடு என்று உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தாள். எண்ணெய் தலையணைக்குப் போனது. மணி போகவில்லை.

பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும் மதார் சாகிப்தான் வழி சொன்னார்.

"முத்தையன் கடைக்கு மேல மாடியில ஒரு டாக்டர் வர்றாரு. தஞ்சாவூர்க்காரரு. மனசுக்குப் பாக்குறவரு. போய்ட்டு வாங்க."

"மண்டை டாக்டரா? யாராவது பாத்துட்டா?"

"அட, மாடிப்படிக்கே கடைக்குள்ள பூந்துதானே போகணும். குடிக்கப் போறாருன்னு நெனச்சுக்குவாங்க. காரைக்கால்ல பிராந்திக் கடைக்குள்ள நுழையறவன எவன் திரும்பிப் பாப்பான்?"

மதார் சாகிப்புக்கு லோகாம்பாளைத் தெரியாது.

இப்போது பூமிநாதன் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. மண்டை டாக்டரிடம் போனேன் என்பது ஒன்று. குடித்தேன் என்பது இன்னொன்று. காரைக்காலில் குடிப்பவனுக்குப் பெண் கொடுப்பார்கள். மண்டை டாக்டரிடம் போனவன் தெருவில்கூடப் பெண் எடுக்கமாட்டார்கள்.

"குடிச்சேன்" என்றான். "கொஞ்சூண்டு."

அமுதம் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

"எங்கப்பாவும் கொஞ்சூண்டுன்னுதான் ஆரம்பிச்சாரு" என்றாள்.

மாமனார் எதனால் செத்தார் என்பதை அவசரத்தில் மறந்துவிட்டிருந்தான்.

மாடிப்படி முடிகிற இடத்தில் ஸ்டூல் போட்டுக் காசியம்மா உட்கார்ந்திருப்பாள். ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது அவள் வேலை. கருக்களாச்சேரியில் மீன் விற்றுப் பழகிய குரல். ரகசியம் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும்.

முதல் நாள் பெயர் கேட்டாள். பூமிநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ராமசாமி" என்றான்.

"இன்னிக்கு நீங்க மூணாவது ராமசாமி" என்றாள் காசியம்மா. "இங்க ஒரு ஆம்பளையும் சொந்தப் பேரு சொல்றதில்ல. நானும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிட்டேன். எந்தக் கிழமை வர்றாங்களோ அதான் பேரு. நீங்க புதன்கிழமை ஆளு. போங்க உள்ள."

டாக்டர் மருந்து கொஞ்சமாகத்தான் கொடுத்தார். பேசச் சொன்னார். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், உங்களுக்கு எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். பூமிநாதனை அப்படி யாரும் கேட்டதில்லை. முதல் புதன் முழுக்கத் தொண்டையைக் கனைத்தான். அடுத்த புதன் பேசினான். கிளம்பும்போது டாக்டர் கேட்பார்.

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"அடுத்த வாரம் சொல்லிடறேன் சார்."

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அமுதத்திடம் ஒரு சமாதானம் சொன்னான்.

"ஒரேயடியா நிறுத்த முடியாது. வாரத்துக்கு ஒரு நாள். புதன்கிழமை மட்டும்."

"கிழமை வெச்சுக் குடிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் அமுதம்.

டாக்டரின் வைத்தியம் பலித்தது. வினை அங்கேதான் தொடங்கியது. மணி அடிப்பது குறைந்தது. படுத்ததும் தூங்கினான். தூங்கினால் குறட்டை விட்டான். காலையில் முகம் கழுவும்போது பாட்டு முணுமுணுத்தான். ஒரு நாள் உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தான்.

வாசலில் அமுதம் லோகாம்பாளிடம் பேசுவது கேட்டது.

"முன்னெல்லாம் குறட்டையே விடமாட்டாங்க அக்கா. இப்ப கட்டிலே ஆடுது. தானா சிரிக்கிறாங்க. பாடுறாங்க."

"முத்திடுச்சுடி" என்றாள் லோகாம்பாள்.

அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. எல்லையைத் தாண்டினால் காரைக்கால். அதனால் காரைக்காலில் இருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். குடிக்காத பூமிநாதனை மட்டும் யாரும் தேடி வந்ததில்லை. லோகாம்பாளின் நாத்தனார் மாயவரத்தில் இருந்தாள். செய்தி பஸ் ஏறிப் போய்விட்டது. அடுத்த புதன்கிழமை, அதே மாயவரத்தில் இருந்த அமுதத்தின் சித்தப்பா மகன் குழந்தைவேலு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்றான்.

"அத்தான்! நீங்களும் நம்ம கட்சிதானா? கல்யாணத்தன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்து நான் நம்பிக்கையே இழந்துட்டேன்."

"எனக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லப்பா."

"அதுக்குத்தானே போறோம்."

முத்தையன் கடை பெஞ்சில் பூமிநாதன் வாழ்க்கையில் முதல் முறையாக உட்கார்ந்தான். குழந்தைவேலு வறுத்த கடலை வாங்கத் திரும்பிய நேரத்தில், முத்தையன் காதில் கெஞ்சினான்.

"எனக்குப் பால் விடாத டீத்தண்ணி ஊத்துப்பா. கலர் ஒண்ணாத்தானே இருக்கும்."

முத்தையன் அவனை அடிக்கடி மாடிப்படியில் பார்த்திருக்கிறான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊற்றினான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பூமிநாதன் ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்தான். அந்தச் சுளிப்பில் குழந்தைவேலுவுக்குப் பாசம் பொங்கிவிட்டது.

"அத்தான் குடிச்ச எச்சில் எனக்குப் பிரசாதம்" என்று டம்ளரைப் பிடுங்கி வாயில் கவிழ்த்தான்.

இரண்டு தரம் சப்புக்கொட்டிப் பார்த்தான்.

"டேய்! டீத்தண்ணிடா இது!" குழந்தைவேலு பெஞ்சின் மேல் ஏறிவிட்டான். "எங்க அத்தான் வாயில்லாப் பூச்சின்னு ஏமாத்துறியா? இத்தன நாளா டீத்தண்ணி ஊத்திட்டா பிராந்திக் காசு வாங்கின?"

தெரு திரண்டது. தங்கள் டம்ளரையும் சந்தேகமாக முகர்ந்து பார்த்தவர்கள் நாலைந்து பேர். முத்தையன் பூமிநாதனைப் பார்த்தான். சொல்லட்டுமா என்று கேட்கும் பார்வை. பூமிநாதன் கண்ணாலேயே காலில் விழுந்தான்.

முத்தையன் நல்லவன். ஆனால் கடை என்று ஒன்று இருக்கிறது.

"கை தவறிப்போச்சு" என்றான் கூட்டத்தைப் பார்த்து. பிறகு எல்லோர் கண் முன்னாலும் புது பாட்டிலை உடைத்து டம்ளர் நிறைய ஊற்றினான். "அண்ணன் குடிச்சுப் பாத்துச் சொல்லட்டும், இது சரக்கா இல்லியான்னு."

கூட்டம் காத்திருந்தது. பூமிநாதன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

சரக்குதான்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் வீடு வரும் வழியெல்லாம், எதிர்ப்பட்டவர்களுக்கு வணக்கம் சொல்லி, "லைன்ல இருங்க, பார்ட்டி வர்றாங்க" என்றான். அந்த நிலையிலும் யாருடைய செய்தியையும் அவன் வெளியே சொல்லவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் அதை அன்று யாரும் கவனிக்கவில்லை. லோகாம்பாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

அமுதம் இறங்கி வந்து அவன் கையைப் பிடித்தாள். இந்த முறை ஊதச் சொல்லவில்லை.

மறுநாள் கோட்டுச்சேரியிலிருந்து அவள் அண்ணன் வைத்தியலிங்கம் குடையோடு வந்துவிட்டார்.

வைத்தியலிங்கத்துக்கு நெல் அரவை மில். ஒரு காலத்தில் கோபம் வந்தால் நெல் அளக்கும் மரக்காலைத் தூக்கி எறிவார். மில்லில் வேலை செய்தவர்கள் நெல்லைவிட மரக்காலைத்தான் அதிகம் கவனித்தார்கள். ஏழரைச் சனி தொடங்கியதும் ஆளே மாறிவிட்டார். வாரம் தவறாமல் சனிக்கிழமை திருநள்ளாறு. போகத் தொடங்கிய பிறகு மரக்கால் இருந்த இடத்திலேயே இருந்தது. பெல்ட் அறுந்தாலும், "சரி, மாட்டுங்கப்பா" என்பார். திருநள்ளாற்றிலிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பார்கள். அவர் ஒரு சிட்டிகை விபூதிகூடக் கொண்டுவந்ததில்லை. அவ்வளவு ஆசாரம்.

"மாப்ள" என்றார் தணிந்த குரலில். அந்தத் தணிந்த குரல்தான் பூமிநாதனை என்னவோ செய்தது. "ஆம்பளைன்னா மனசு கருங்கல்லு மாதிரி இருக்கணும். கஷ்டம் வருதா, பல்லக் கடிச்சுக்கணும். பல்லு தாங்கலியா, பகவான்கிட்ட விட்டுடணும். பாட்டில்கிட்ட விடக் கூடாது."

"சரிங்க மச்சான்."

"அண்ணே" என்றாள் அமுதம். "வர்ற சனிக்கிழமை இவங்களையும் உங்களோட கூட்டிக்கிட்டுப் போங்களேன்."

வைத்தியலிங்கம் காப்பி டம்ளரை அவசரமாகக் கீழே வைத்தார்.

"அது முடியாது அமுதம். இது தனியாப் போற வேண்டுதல். துணைக்கு ஆளு வந்தா அவங்க தோஷமும் சேர்ந்து நம்ம தலையில ஏறும்."

"அப்ப டாக்டர்கிட்டதான் போகணும். லோகாம்பா அக்கா விசாரிச்சிட்டாங்க. குடியை நிறுத்தறதுக்கும் அவருதான் பாக்குறாராம். முத்தையன் கடைக்கு மேலயே இருக்காராம்."

"அங்கயா?" என்றார்கள் பூமிநாதனும் வைத்தியலிங்கமும் ஒரே நேரத்தில்.

"ஏன், அங்க என்ன?"

"மண்டை டாக்டர்ம்மா அவரு!" என்றார் வைத்தியலிங்கம். "நம்ம வீட்டு மாப்பிள்ளை அந்தப் படி ஏறினா குடும்ப மானம் என்ன ஆவறது?"

பூமிநாதனுக்கு மச்சான் மேல் முதல் முறையாக அன்பு வந்தது.

"மச்சான் சொல்றது நூத்துல ஒரு வார்த்தை" என்றான்.

"ரிக்‌ஷால வந்தப்பவே மானம் எறங்கிப்போயிடுச்சு" என்றாள் அமுதம். "புதன்கிழமைதான் இவங்க குடிக்கிற கிழமை. அன்னிக்கே போவோம். நீங்களும் வரணும் அண்ணே. ஆம்பளை தொணை வேணும்."

"எனக்குப் புதன்கிழமை மில்லுல..."

"நம்ம அப்பாவுக்கு இப்படி ஒரு டாக்டர் இருந்திருந்தா, நீங்க கூட்டிக்கிட்டுப் போயிருக்கமாட்டீங்களா?"

வைத்தியலிங்கம் ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

புதன்கிழமை மூவரும் முத்தையன் கடைக்குள் நுழைந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒரு பெண்பிள்ளை வருவதைப் பார்த்து டம்ளரை மடிக்குள் மறைத்தார்கள். முத்தையன் பூமிநாதனைப் பார்த்தான். வைத்தியலிங்கத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, துணியை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினான்.

"நான் கீழயே நிக்கறேன்" என்றார் வைத்தியலிங்கம்.

"கீழ பிராந்திக் கடை. மேல வாங்க."

அமுதம் முன்னால் ஏறினாள். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் பூமிநாதன் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே மை அப்பியதுபோல் கறுத்திருந்தது. அவன் தூங்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் தூங்கவில்லை. அவன் குறட்டையைக் கேட்டுக்கொண்டு, அப்பாவை நினைத்துக்கொண்டு விழித்துக் கிடந்திருக்கிறாள். அவன் காதிலிருந்த மணியை எடுத்து அவள் காதில் வைத்துவிட்டான்.

இன்னும் கொஞ்சம் ஏறினால் காசியம்மாவின் ஸ்டூல். அவள் சொல்லித் தெரிவதைவிடத் தானே சொல்லிவிடலாம்.

"அமுதம், நில்லு. நான் குடிக்கிறதில்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்களாம். டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"டாக்டருக்குத் தெரியும். நான் புதன்கிழமை புதன்கிழமை அவரைப் பாக்கத்தான் வர்றேன்."

அமுதம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப பிராந்தி?"

"அது கீழ. நான் வர்றது மேல."

"குறட்டை?"

"தூக்கம்."

"பாட்டு?"

"அது சும்மா வந்துது."

"ரிக்‌ஷால வந்தது?"

"அது மட்டும் பிராந்தி. உன் தம்பி பாசத்துல வந்த வினை."

கீழே யாரோ கடலை கேட்டார்கள்.

"மண்டைக்கு என்னங்க உங்களுக்கு?"

"காதுக்குள்ள மணி அடிக்குதுன்னு சொன்னேன்ல. ஊர்ல இருக்கறவங்க கெட்ட சேதியெல்லாம் எனக்குள்ளயே கெடக்குது. இங்க வந்து கொஞ்சங்கொஞ்சமா எறக்கி வெக்கறேன். பாரம் கொறையுது."

"இதை எங்கிட்ட சொன்னா என்ன?"

"பைத்தியம்னு நெனச்சுக்குவியோன்னு பயம்."

"குடிகாரர்னு நெனச்சு நான் செத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கு இது தேவலைன்னு தோணலியா உங்களுக்கு?" அமுதம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துவிட்டு அவன் முழங்காலில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "வெத்தலைய வேற மென்னுக்கிட்டு வந்து நிக்கறாரு."

பூமிநாதன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லோரையும்விட அதிகம் மகிழ்ந்தவர் இரண்டு படி கீழே நின்ற வைத்தியலிங்கம்தான்.

"குடிக்கலல்ல? முடிஞ்சுது! வாங்க, எறங்குங்க, வீட்டுக்குப் போவோம்."

"இருங்கண்ணே. வந்ததுதான் வந்தோம், டாக்டரப் பாத்துட்டே போவோம்."

"எதுக்கு? மாப்ள, நல்லதுக்குச் சொல்றேன், இந்தப் பழக்கத்த விட்டுடுங்க. ஆம்பளை இதுக்கெல்லாம் ஒரு டாக்டர் முன்னால போயி உக்காருவானா? அசிங்கம். என்னயப் பாருங்க. எனக்கு இல்லாத கோவமா, எனக்கு இல்லாத கவலையா? எல்லாத்தையும் அந்தத் திருநள்ளாத்தான்கிட்ட விட்டுட்டேன். டாக்டரும் கெடையாது, மருந்தும் கெடையாது. தங்கமா இருக்கேன்."

குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறு என்று இறங்கத் தொடங்கினார்.

மேலே கதவு திறந்தது. காசியம்மா எட்டிப் பார்த்தாள். பூமிநாதன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அவள் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் தலைக்கு மேலாக, இறங்கிப் போகும் குடையைப் பார்த்துக் கருக்களாச்சேரிக் குரலில் கூப்பிட்டாள்.

"ஏங்க, சனிக்கிழமை ஆளு! கிழமை மாறி வந்துட்டோம்னு கூச்சப்பட்டு எறங்கிப் போவாதீங்க, இன்னிக்கும் டாக்டர் பாப்பாரு, மேல வாங்க!"